அமிர்தவள்ளி அம்மாளின் பாட்டில் சட்டம்

அமிர்தவள்ளி அம்மாளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்தது பெருக்குவதற்கும் கழுவுவதற்கும்தான். மாதனூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே வேறு எந்த வேலையும் எழுதியிருக்கவில்லை. ஆனால் எழுபதுகளின் கடைசியில் அந்தப் பக்கத்து உருதுக்காரப் பெண்கள் டாக்டரிடம் போகிறோம் என்று சொல்லமாட்டார்கள். அமிர்தவள்ளியிடம் போகிறோம் என்பார்கள்.

அவர் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக்கு இரண்டு பக்கமும் முஸ்லிம் வீடுகள். அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பீடி சுற்றியே வளர்ந்ததில் உருது தானாக வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாது, தமிழும் அப்படித்தான். ஆனால் வீட்டில் உருதே பேசி வளர்ந்த நானே கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் சித்தி யாரோ பேசுகிறார் என்றே நினைப்பேன்.

டாக்டர் பரந்தாமனுக்குக் கலவை சொந்த ஊர், கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். உருதில் அவருக்குத் தெரிந்தது வலியைக் குறிக்கும் 'தர்த்' என்ற ஒரே சொல். வருகிற எல்லோரிடமும் அதையே கேட்பார். வலி இல்லாதவர்களும் பாவம், இவ்வளவு ஆசையாகக் கேட்கிறாரே என்று தலையாட்டிவிடுவார்கள்.

மிக்ஸ்சர் மருந்து வேண்டுமானால் காலி பாட்டிலை நாமேதான் கொண்டுபோக வேண்டும். அதை முதலில் வாங்கி மோந்து பார்ப்பவர் அமிர்தவள்ளி. மண்ணெண்ணெய் வாசனை என்று சொல்லிவிட்டால் வேறு பாட்டில் வரும்வரை மருந்து கிடையாது. காலி பாட்டில் விற்கிற கடை பஸ் ஸ்டாப்பில் இருந்தது. போகக் கால் மணி, வரக் கால் மணி. தோல் பதனிடும் ஷாப்பில் அரை நாள் லீவு போட்டுப் பெண்சாதியைக் கூட்டிவந்தவர்கள், பேஜார் பிடித்த பொம்பளை என்று முனகிக்கொண்டே நடப்பார்கள். துடைப்பக்காரிக்கு வந்த அதிகாரத்தைப் பார் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

எழுபத்தொன்பதில் என் அக்கா அக்தரி பேகத்தை அங்கே கூட்டிப்போனேன். ஆபா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கணவர் தோல் வாங்கக் கான்பூர் போயிருந்தார். ஆபா உருதுப் பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். அவருடைய தமிழ் காய்காரியிடம் பேரம் பேசப் போதும், அதற்கு மேல் போகாது. நான் உருதுப் பள்ளியில் ஆரம்பித்துத் தமிழ்ப் பள்ளியில் முடித்து, ஷூ கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். இரண்டும் படித்த தம்பி கலீமுல்லா இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்பது வீட்டில் எல்லோருடைய எண்ணமும். என்னுடையதும் அதுதான்.

ஆபாவுக்கு அதற்கு முன் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இது மூன்றாவது, நான்காம் மாதம்.

என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டதை நான் உருதில் சொன்னேன். ஆபா முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டு, இரண்டு நாளாக ரத்தம் படுகிறது என்றார். எனக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. ஆனால் என் அக்காவைப் பற்றி அந்தச் சொல்லை என் வாயால் இன்னொரு ஆணிடம் எப்படிச் சொல்வேன்? காது இரண்டும் சுட்டன.

"வயிறு சரியில்லையாம் சார். பசியும் எடுக்கறதில்லையாம்."

டாக்டர் சிவப்பு மிக்ஸ்சர் எழுதினார். நான் சொல்லிவிட்டேன் என்று நம்பி, ஆபா பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூலையில் தரை துடைத்துக்கொண்டிருந்த அமிர்தவள்ளி கையைப் புடவையில் துடைத்தபடி எழுந்து வந்தார்.

"பாட்டில குடு தம்பி." மோந்தார். "மண்ணெண்ண வாசன அடிக்குது."

"அது சீரகத் தண்ணி வெச்சிருந்த பாட்டில்மா."

"பத்து வருஷமா மோந்துனு கீறேன், எனக்குச் சீரகம் தெரியாதா? கடைக்குப் போயி வேற வாங்கினு வா. ஓட வேணாம். மெதுவா வா."

நடந்தேன். கம்பெனி பஸ் ஒன்று புழுதியை இறைத்துக்கொண்டு கடந்தது. பாலாற்றுப் பக்கமிருந்து தோல் ஊறும் நாற்றம் வந்தது. இன்று எங்கேயாவது புதுத் தோல்பையை முகர்ந்தாலும் அந்தச் சாலைதான் ஞாபகம் வருகிறது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த அறையிலிருந்து வெளியே வந்துவிட்டேனே.

திரும்பியபோது ஆபாவை ஜீப்பில் படுக்க வைத்திருந்தார்கள். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும் என்று டாக்டர் சீட்டை நீட்டினார். "உங்கிட்ட சொல்ல கூச்சப்பட்டுனு மறைச்சிருக்காங்கப்பா. நல்லவேளை, இந்தம்மாகிட்ட சொன்னாங்க." அமிர்தவள்ளி என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆபா வேலூரில் ஒரு மாதம் படுத்தே கிடந்தார். கரு தங்கியது. பிறந்தவள்தான் ரஃபத் ஜஹான்.

அமிர்தவள்ளிக்கு நோய்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்து, மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையிலேயே அமர்த்த வேண்டும் என்று டாக்டர் மேலே எழுதிப் போட்டார். அப்படி ஒரு பதவியே இல்லை என்று பதில் வந்தது. டாக்டர் தன் மேஜைக்குப் பக்கத்தில் அமிர்தவள்ளி உட்கார ஒரு ஸ்டூலைப் போட்டார். செவ்வாய்க்கிழமை மதியங்களில் உடம்புப் படத்தை மாட்டி அவரே பாடம் நடத்தினார். ஊரில் பீடி சுற்றிக்கொண்டிருந்த தில்ஷாத் என்ற பெண்ணும் அதில் சேர்ந்துகொண்டாள். டாக்டர் போட்ட நிபந்தனை ஒன்றுதான், கேட்டதை முழுசாகச் சொல்ல வேண்டும்.

இப்போது நான் இருக்கும் நாட்டில் டாக்டரைப் பார்க்குமுன் ஒரு படிவம் தருகிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டிருக்கும். என் மனைவிக்கு வேண்டும் என்று குறியிட்டுக் கொடுப்பேன். நீங்களே இருக்கிறீர்களே என்று சிரிப்பார்கள். வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே ஒரு சொல்லாவது விட்டுப்போயிருக்குமோ என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எண்பத்தைந்தில் ஊரைவிட்டுக் கிளம்புமுன், ஐந்து வயது ரஃபத்தைக் கூட்டிக்கொண்டு அமிர்தவள்ளியைப் பார்க்கப் போனேன். ஆபா அன்று மறைக்கவில்லை, மறைத்தவன் நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும். காதுல விழுந்துச்சே."

"அப்பவே டாக்டர்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உம் மூஞ்சிக்கு நேரா சொல்லிருந்தா மறுபடி உங்க ஆபாவ இங்க கூட்டினு வந்திருப்பியா?" ரஃபத்தின் கன்னத்தைக் கிள்ளினார். "உம் பாட்டில்ல சீரக வாசனதான் இருந்துச்சு."

எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். ஒரு பலகை வாங்கிவந்து, பெண்கள் பேசும்போது உடன் வந்த ஆண்கள் வெளியே இருக்கவும் என்று தமிழிலும் உருதிலும் எழுதிக் கதவில் மாட்டினேன். அமிர்தவள்ளி இரண்டையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். நல்லாத்தான் கீது என்றார்.

அந்த நேரத்தில் ஒருவர் மனைவியோடு வந்தார். பலகைக்கு முன் நின்றார். மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு மனைவிக்கு முன்னால் உள்ளே நுழைந்தார்.

அமிர்தவள்ளி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவரிடம் கையை நீட்டி பாட்டிலை வாங்கி, மோந்து, முகத்தைச் சுளித்தார்.

நான் எழுந்தேன். கடை எனக்குத் தெரியும் பாய், வாங்க என்று அவரைக் கூட்டிக்கொண்டு நடந்தேன், மெதுவாக.