லிஃப்ட்காரர் பிள்ளை பார்த்த லட்சணம்

இந்த லிஃப்ட்காரரைப் போல வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் மனிதர் ஏழு கண்டத்திலும் கிடையாது. சரி, ஏழு கண்டத்தையும் யார் போய்ப் பார்த்தது? நாலு தெருவுக்குள் கிடையாது. அதுவும் அதிகமென்றால், அவர் குடியிருக்கும் ஐந்து மாடிக் கட்டிடத்தில் கிடையாது. இதற்குக் கீழே ஒரு படிகூட இறங்கி வர முடியாது.

நின்றுபோன லிஃப்டைப் போய் ஓட வைப்பதுதான் அவர் தொழில். கம்பெனியிலிருந்து போன் வந்தால், "பாதி வழியில இருக்கேன் சார்" என்பார். அந்த நேரத்தில் ஒரு காலில் சாக்ஸ் ஏறியிருக்கும், இன்னொன்றைக் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருப்பார். வெளியே இப்படி என்றால் வீட்டில் கேட்கவே வேண்டாம். சாப்பிட்ட தட்டு தானாக நடந்து தொட்டிக்குப் போகும் என்று இன்றுவரை நம்புகிறவர்.

குளிர்கால விடுமுறைக்குப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். வெளியே பனிமூட்டமும் ஊசிக் குளிரும். பிள்ளைகள் மூக்கை நீட்ட முடியாது. அந்த வாரம் பார்த்து அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வார்டைக் கொடுத்திருந்தார்கள். அவள் பல வருஷமாக நர்ஸ். ஒரு வாரம் வார்டைத் தனியாக நடத்திக் காட்டினால் தலைமை நர்ஸ் ஆகலாம். இதற்கு முன்னாலும் இரண்டு முறை அந்த வாய்ப்பு வந்தது. இரண்டு முறையும் இந்த மகானுபாவர் போன் செய்து அவளைப் பாதியில் வீட்டுக்கு ஓட வைத்தார். இனி ஒரு முறை ஓடினால் மறுபடி கேட்கவே வேண்டாம் என்று ஆஸ்பத்திரி மேலதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

லிஃப்ட்காரர் லீவு போட்டார். கிளம்பும்போது அவள் வாசலில் நின்று சொன்னாள்.

"என்னங்க, இந்தத் தடவ போன் வரக் கூடாது. வந்தா அந்த வார்ட நான் மறந்துட வேண்டியதுதான்."

"ஒரு நாளைக்கு இருபது லிஃப்ட் பாக்கறவன்மா நான். ரெண்டு பொடிசுங்கள பாத்துக்க மாட்டேனா?"

"போன தடவயும் இதையேதான் சொன்னீங்க."

"போன தடவ சின்னவன் மூக்குல பட்டாணிய போட்டுக்கிட்டான். அது வேற."

"அதுக்கு முந்தின தடவ?"

"அப்ப தும்மினான்."

அவள் பதில் சொல்லவில்லை. பெரியவளின் தலையைத் தடவிவிட்டுப் போனாள். யாரை நம்பி வீட்டை விட்டுப் போகிறாள் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

பெரியவள் நாலாம் வகுப்பு. சின்னவனை வீட்டில் குண்டூசி என்பார்கள், எங்கே போனாலும் குத்திவிட்டு வருவான். இவர்களைக் குஷிப்படுத்த லிஃப்ட்காரர் புதிது புதிதாக விளையாட்டுகளைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றுக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. எதை விளையாடினாலும் அவர் படுத்திருப்பார். முதல் நாள் ஆஸ்பத்திரி விளையாட்டு, அவர்தான் நோயாளி. நோயாளி மத்தியானம் வரை குறட்டை விட்டார். அடுத்த நாள் போர்வையால் கூடாரம் கட்டச் சொன்னார். பிள்ளைகள் நாற்காலி நாற்காலியாக இழுத்துப் பாடுபட்டுக் கட்டி முடித்ததும் உள்ளே இவர் குடிபுகுந்தார், பிள்ளைகளைக் காவலுக்கு நிறுத்தினார். பிறகு மௌனப் போட்டி. யார் பேசாமல் இருக்கிறாரோ அவருக்கு மிட்டாய். போட்டி நடத்தியவர் தூங்கிவிட்டதால் முடிவு இன்னும் அறிவிக்கப்படவில்லை.

மறுநாள் காலையில் குண்டூசி மிட்டாயைக் கேட்டு அவர் முதுகில் ஏறி உட்கார்ந்தான். உடனே அவருக்கு அடுத்த யோசனை வந்தது.

"லிஃப்ட் விளையாட்டு விளையாடலாமா?"

சமையலறையை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம். பழைய பெட்டிகள், உடைந்த மின்விசிறி, சுருட்டி வைத்த ஒரு மெத்தை. அந்த மெத்தைமேல்தான் அவருக்குக் கண். ஸ்டோர் ரூம்தான் லிஃப்ட், அவர் பயணி, பிள்ளைகள் வெளியே நின்று அதை ஓட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார். அட்டையில் பொத்தான்கள் வரைந்து சுவரில் ஒட்டினார். மூன்று நாளில் அவர் செய்த ஒரே வேலை அதுதான். விளக்கைப் போட்டுக்கொண்டு மெத்தையை விரித்து உட்கார்ந்தார். குண்டூசி கதவைச் சாத்தி வெளித் தாழ்ப்பாளைப் போட்டான். கதவு சாத்தாமல் லிஃப்ட் கிளம்பாது என்று அவனுக்குச் சொல்லித் தந்தவரும் அவரே.

முதல் மாடி தாண்டுவதற்குள் பயணி தூங்கிப்போனார்.

விழித்தபோது வயிறு கூவியது. கதவைத் தட்டினார்.

"டேய், திறடா. தரைத் தளம் வந்தாச்சு."

"வரல," என்றாள் பெரியவள். "லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சு."

"சரி, விளையாட்டு முடிஞ்சுது. திற."

"நடுவுல நின்னா உள்ள இருக்கறவங்க என்ன கத்தினாலும் திறக்கக் கூடாது, மெக்கானிக் வந்துதான் திறக்கணும். நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னார்தான். கட்டிடத்து லிஃப்ட் ஒரு நாள் நின்றபோது, பாதியில் கதவைத் திறந்தால் ஆள் கீழே விழுந்துவிடுவார் என்று பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பெரிய பிரசங்கம் செய்தார். வீட்டில் அவர் சொல்லி யாராவது காதில் வாங்கியது அது ஒன்றுதான்.

"மெக்கானிக் நான்தாம்மா."

"மெக்கானிக் வெளிய இருப்பார்ப்பா. உள்ள இருந்தா பயணி."

தோளால் இரண்டு தடவை கதவை முட்டினார். தோள்தான் வலித்தது. போன் கூடத்தில் சார்ஜில் கிடந்தது. அப்போதுதான் குண்டூசியின் குரல் கேட்டது.

"அக்கா, பசிக்குது. அடுப்பு பத்த வெக்கட்டுமா? எனக்குத் தெரியும்."

லிஃப்ட்காரருக்கு வியர்த்துவிட்டது. அந்தக் குளிரிலும்.

"டேய், அடுப்புகிட்ட போகாத!"

"அம்மாவுக்கு போன் பண்ணவாப்பா?" என்றாள் பெரியவள். "அம்மா வந்தா திறப்பாங்க."

அம்மா வருவாள். பாதி வார்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். வந்து தாழ்ப்பாளைத் தள்ளுவாள். அதோடு அவளுடைய தலைமை நர்ஸ் பதவி முடிந்தது. திட்டக்கூட மாட்டாள். வாசலில் நின்றாளே, அதே மாதிரி பேசாமல் நிற்பாள். வசவையெல்லாம் துடைத்துப் போட்டுவிடும் மனிதருக்கு அந்த மௌனம் மட்டும் ஆகாது.

"வேண்டாம். போன தொடாத," என்றார். "மேஜை மேல ரொட்டி இருக்கு. எடுத்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்து கதவுகிட்ட உக்காருங்க. இந்த லிஃப்ட் ஏன் நின்னுதுன்னு தெரியுமா?"

"ஏன்?"

ஏன் என்று அவருக்கு மட்டும் என்ன தெரியும்? ஆனால் வாய் இருக்கிறதே, அது மேலதிகாரிக்கு நாள்தோறும் பொய் சொல்லிப் பழுத்த வாய். அதை முதல் தடவையாகப் பிள்ளைகளுக்காகத் திறந்தார்.

"ஒருத்தர் லிஃப்ட்ல யானைக்குட்டிய ஏத்திட்டார்."

"யானை எப்படி லிஃப்டுக்குள்ள வரும்?"

"மடிச்சுக் கொண்டுவந்தார்."

வெளியே சிரிப்பு. ரொட்டி மெல்லும் சத்தம் கதவுக்கு வெகு அருகில் கேட்டது. அப்பாடா என்று அவர் அடுத்ததைப் பிடித்தார். கல்யாண மாப்பிள்ளை ஒருவன் லிஃப்டில் மாட்டிக்கொண்டு, கதவு இடுக்கு வழியாகவே மாலை மாற்றிக்கொண்டது. பன்னிரண்டு கிளிகளோடு ஏறிய கிளிக்காரர் இறங்கும்போது எல்லாக் கிளியும் மாடி எண் சொல்லப் பழகியிருந்தது. அத்தனையும் அப்பட்டமான புளுகு. ஒரு கதை முடிந்து ஒரு நொடி சும்மா இருந்தால் போதும், குண்டூசி எழுந்து நடக்கும் சத்தம் கேட்கும். உடனே அடுத்த கதைக்குத் தாவுவார். தொண்டை காய்ந்தது. கூடாரத்திலும் கட்டிலிலும் சுகமாகக் கிடந்த மனிதர், மெத்தை பக்கத்திலேயே இருந்தும் அதில் சாயாமல் கதவுக்கு அருகே காதைத் தீட்டிக்கொண்டு நின்றே சொன்னார். பிள்ளை வளர்ப்பது என்பது இவ்வளவு வேலையா என்று அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உறைக்க வேறு நாளே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இருட்டும் நேரத்தில் அவள் வந்து ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"வார்டு எனக்குத்தான்னு இன்னைக்கே சொல்லிட்டாங்க. வீட்டுலேர்ந்து ஒரு போன்கூட வரலையேன்னு அவங்களுக்கே ஆச்சரியம்." பிறகுதான் கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க ஏன் இதுக்குள்ள?"

கரகரத்த தொண்டையைச் செருமினார் லிஃப்ட்காரர். அசடு வழிந்திருக்க வேண்டிய இடம். மார்பை நிமிர்த்திக்கொண்டார்.

"பிள்ளைங்களுக்கு பயிற்சி. லிஃப்ட் நின்னா கதவத் தொடக் கூடாதுன்னு சொன்னேன். நான் எவ்வளவு கெஞ்சியும் தாழ்ப்பாள ஒரு தடவகூட தொடல, பாத்துக்க. என் வளர்ப்பு."

"தொட்டோம்பா," என்றாள் பெரியவள். "உங்களுக்கு ரொட்டி குடுக்கலாம்னு மாப்பிள்ளை கதையிலயே தம்பி தாழ்ப்பாள எடுத்துட்டான். அதுக்குள்ள நீங்க கிளி கதைய ஆரம்பிச்சுட்டீங்க. அப்பலேர்ந்தே கதவுல தாழ்ப்பாள் இல்ல, சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. நீங்கதான் தள்ளியே பாக்கல."