கயிற்றின் மறுமுனை

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் இம்மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளின் வணக்கம். படித்தவள் என்பதால் எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் தந்தார். அப்பாவை நன்கு அறிந்தவர் எழுதவேண்டும் என்றால் தங்கைதான் எழுதியிருக்க வேண்டும். அவள் மறுத்துவிட்டாள். அதனால் கொஞ்சம் பொறாமையோடுதான் தொடங்குகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா ஹனூருக்கு அருகே மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். மழை பொய்த்த வருடங்களில் பாலாறு தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க் கூலிக்கு உழைத்தார். பிறகு மைசூருக்கு வந்து மண்டி மொஹல்லாவில் ஒரு விறகுக் கடையில் கட்டை பிளந்தார். அங்கே வந்த ஒருவர் தம் வீட்டுத் தென்னையில் மட்டை கழிக்க ஆள் கேட்டார். அப்பா போனார். அதுவே அவர் தொழிலாகிவிட்டது. அனுமதி வாங்காத மரத்தில் யார் வற்புறுத்தினாலும் கை வைக்க மாட்டார்.

மரம் அறுக்கும் மெஷினின் சங்கிலிக்குப் பட்டறையில் கிடைக்கும் கழிவு எண்ணெயை ஊற்றுவதே வழக்கம். அது தெறித்துக் கீழே உள்ள செடிகளில் படியும். கொத்தமல்லிப் பாத்தி வைத்திருந்த ஓர் அம்மாள் முறையிட்ட பிறகு அப்பா புங்க எண்ணெய்க்கு மாறினார். தேவராஜ மொஹல்லாவில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வருவார். மெஷின் சில நாள் சும்மா கிடந்தால் அந்த எண்ணெய் பிசினாகிச் சங்கிலி இறுகிவிடும். அதனால் அன்றன்றே துடைக்க வேண்டும். துடைப்பது தங்கையின் வேலை. அந்தக் கசந்த வாடை அவர்கள் இருவர் மேலும் ஒன்றுபோல் வீசும். நான் சோப்பு மணக்கப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பேன்.

வெட்டிய கிளையைத் தெருவோரம் போட்டு எரிக்க அவர் விட்டதே இல்லை. தழை ஆடு வளர்ப்பவர்களுக்கு, சுள்ளி வெந்நீர் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு, மரத்தூள் எருக்குழிக்கு. மெஷினுக்கு ஊற்றும் பெட்ரோலில் எண்ணெய் கலக்க அளவுப் பாத்திரம் வேண்டியிருந்தபோது, என் மகன் குடிப்பதை நிறுத்திவிட்ட பால் புட்டியைக் கேட்டு வாங்கிப் போனார். அதில் அளவுக் கோடுகள் இருந்தன. யாராவது தெரியாமல் அதில் மறுபடி பால் ஊற்றிவிடுவார்களோ என்று நான் பயந்துகொண்டே இருந்தேன். அப்பா அதன் கழுத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து காட்டினார். "இப்பத் தூங்குவியா அம்மிணி?" என்றார்.

உயரத்தில் மெஷின் ஓடும்போது கத்தினாலும் கீழே கேட்காது. அப்பா இடுப்பிலிருந்து வரும் கயிற்றின் மறுமுனையைத் தங்கை பிடித்திருப்பாள். ஒரு நாள் சாப்பாடு கொண்டுபோய் மரத்தடியில் நின்று பார்த்தேன். மேலே அவர் இழுப்பார், கீழே இவள் விடுவாள், பிடிப்பாள், சிரிப்பாள். எனக்கு வயிறு எரிந்தது. எனக்கும் சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். "நீ படி கண்ணு, உனக்கெதுக்கு இந்தக் கயிறு" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

சென்ற ஆண்டு பக்கவாதம் வந்து அப்பாவுக்குப் பேச்சு நின்றது. நான் மகனைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து உடனிருந்தேன். என் துப்பட்டா நுனியைப் பிடித்து இரண்டிரண்டு முறையாக இழுத்துக்கொண்டே இருந்தார். குளிர்கிறது போலும் என்று போர்வையை இன்னும் இறுக்கிச் செருகினேன். அப்பாவுக்குப் பதிலாக மரமேறி வேலை முடித்து வந்த தங்கை வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"அக்கா, ரெண்டு இழுத்தா தளர்த்துன்னு அர்த்தம். போர்வைய லூசு பண்ணு."

தளர்த்தினேன். அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடினார். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. கேட்காமலேயே அவள் மற்றதையும் சொல்லித் தந்தாள்: ஒருமுறை இழுத்தால் நிறுத்து, மூன்றுமுறை இழுத்தால் இறங்குகிறேன்.

அந்த வாரம் ஹனூரிலிருந்து சித்தப்பா வந்தார். எங்கள் மேல் அக்கறை உள்ளவர். தங்கையின் கல்யாணத்தை நினைத்துத்தான் பேசினார். "பொட்டப்புள்ள மரமேறிட்டுத் திரிஞ்சா எவன் கட்டிக்குவான்? மெஷின வித்துப்போடலாமுங்க அண்ணி." அம்மா என்னைப் பார்த்து, மூத்தவள் நீ சொல் என்றார். தங்கை விழுந்துவிடுவாளோ என்ற பயம் எனக்கும் உண்டு. மெஷின் போய்விட்டால் நாங்கள் இருவரும் சமமாகிவிடுவோம் என்றும் தோன்றியது.

நான் வாய் திறக்கும் முன் சித்தப்பா கட்டிலருகே குனிந்தார். "என்னுங்ணா, வித்துப்போடலாமா?"

என் துப்பட்டா அப்பாவின் கையில் இருந்தது. ஓர் இழுப்பு. இரண்டாவது வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அப்பா வேண்டாங்கறாரு" என்றேன்.

"கை நடுங்குது அம்மிணி. அதப்போயி..." என்றார் சித்தப்பா.

கதவோரம் நின்றிருந்த தங்கை கேட்டாள். "நெஜமாவா அக்கா? எத்தன இழுப்பு?"

"ஒண்ணுதான்."

அவள் என் கையையும் துப்பட்டாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டுக் கூடையோடு மரத்தடியில் நின்றபோது என்னிடம் இருந்த அதே பார்வை. தனக்காக அப்பா சொன்ன சொல் என் கைக்கு வந்துவிட்டதே என்று இருந்தது அவளுக்கு.

சில நாட்களில் உறக்கத்திலேயே அப்பா பிரிந்தார். அது நடுக்கம்தான் என்று சித்தப்பா இன்றும் சொல்கிறார். நானும் ஓர் ஆண்டாக அதையே யோசித்துப் பார்த்துவிட்டேன். நடுக்கம் விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கும். இது ஒருமுறை, அழுத்தமாக. ஆகவே உறவினர் அனைவரும் அறிய இங்கே அச்சில் எழுதுகிறேன்: அப்பா நிறுத்தச் சொன்னார். மெஷினும் கயிறும் தங்கையுடையவை. அவளிடம் இனி யாரும் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்த ஆட்டோக்காரர், இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்கள், ஏணி தூக்கிய தோள்களாலேயே அப்பாவையும் தூக்கிய தொழில் தோழர்கள், தழைக்காக அல்லாமல் துக்கம் கேட்க வந்த ஆடு வளர்ப்போர், ஹனூர்ச் சொந்தங்கள், சித்தப்பா ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்று படையல் முடிந்ததும் தங்கை கிளம்பிவிடுவாள். ஒரு பள்ளிக்கூடத்துக் கூரைமேல் சாய்ந்து நிற்கும் கிளையை மழைக்கு முன் இறக்கியாக வேண்டும். தவறாக எண்ணாமல், அவளுக்காகக் காத்திராமல் அனைவரும் சாப்பிட உட்கார வேண்டும். வருபவர்களை வரவேற்க அப்பாவின் படத்தருகே நான் இருப்பேன். மரத்தின் மேலே, அப்பா இருக்கும் இடத்தில் அவள் இருப்பாள்.