எட்டிப் பார்க்காத கிளை

மறைமலைநகர் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரக் கைகளுக்கு வேலை சொல்ல ஒரு சின்னக் கணினி மொழி இருந்தது. அதை இயந்திரத்துக்கு மொழிபெயர்க்கும் கம்பைலரை எழுதிய நாலு பேரில் நான் ஒருத்தி. ஆபரேட்டர் எழுதும் புரோகிராமைக் கம்பைலர் முதலில் கிளை கிளையாகப் பிரித்து ஒரு மரமாக்கிக்கொள்ளும். பிறகு அந்த மரத்துக்குள் ‘விசிட்டர்’ என்ற துணை நிரல்களை அனுப்புவோம். ஒன்று தப்புத் தேடும், இன்னொன்று இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளையாக மாற்றும். எந்த வகைக் கிளையில் என்ன செய்ய வேண்டும் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும். சொல்லாமல் விட்டால் விசிட்டர் புகார் செய்யாது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் அடுத்த கிளைக்குப் போய்விடும். வேலை மிச்சம் என்று அப்படி அமைத்தவளும் நான்தான். என்னை நானே மெச்சிக்கொண்டது வேறு.

‘திரும்பச் செய்’ என்றொரு புதுக் கட்டளையைச் சேர்த்தபோது, மாற்றும் விசிட்டருக்குச் சொன்னேன். தப்புத் தேடும் விசிட்டருக்குச் சொல்ல மறந்தேன்.

நான் பயிற்சி கொடுத்த ஆபரேட்டர் ஒருவர், அந்தக் கட்டளைக்குள் இரண்டு வரிகளை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். வார்ப்பு அச்சு திறக்கும் முன்பே இயந்திரக் கை இறங்கும். அதைப் பிடிக்கத்தான் என் சோதனையே. அது ‘பிழை இல்லை’ என்றது. கை இறங்கியது, அச்சு உடைந்தது. யாருக்கும் அடிபடவில்லை. அவர் ஒப்பந்தத் தொழிலாளி. மறுநாள் முதல் வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்து எங்கள் மென்பொருள் கம்பெனி மேலாளரிடம் சொன்னேன். “அவர் எழுதினதும் தப்புதானே? நாம ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தவறு எங்களுடையதும்தான் என்று தொழிற்சாலைக்கு ஒரு கடிதம் எழுதி, அதை அந்த ஆபரேட்டர் கையிலேயே கொடுக்க ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். அதைக் காட்டினால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம்.

“இன்னா மேடம், வூடு தேடி வந்துகினு...” என்று பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் தொடங்கிவிட்டார். “மன்னிச்சுக்குங்க மேடம். உங்க சோதனைல இன்னா தப்பு கீது? நான்தான் இன்னாவோ பண்ணித் தொலைச்சிட்டேன். என்னால உங்களுக்கும் பேஜாரு.”

மேலாளரின் முகம் நினைவுக்கு வந்தது. என் வேலையும். “பரவாயில்லைங்க” என்றேன். பரவாயில்லையாம்! அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்தேன். கடிதத்தைக் கைப்பையை விட்டு எடுக்காமலே ஊரப்பாக்கத்தில் இருந்த என் வீட்டுக்கு ரயிலேறினேன். என்னைப் போல் ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை, விடுபட்டதைச் சேர்த்தேன். மூன்றே வரி. என்ன மாற்றினோம் என்று குறிப்பு எழுத வேண்டிய கட்டத்தில் ‘சிறு திருத்தம்’ என்று எழுதினேன்.