அமலியின் கையில் தவறில்லை

அமலி இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு மணப்பெண்ணின் கன்னத்தில், அவளுடைய சொந்த நிறத்தைவிட இரண்டு படி வெளுப்பான பவுண்டேஷனைத் தடவிக்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் ஒரு மண்டபம், மாலை வரவேற்பு. போனில் அமலியின் தம்பி பேசினார். “செல்வி அக்கா, அமலி அக்கா போயிட்டாங்க. மத்தியானம் நெஞ்சு வலின்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிபோச்சு. நாளைக்குக் காலைல அடக்கம்.” சரி என்றேன். போனை வைத்துவிட்டு மறு கன்னத்தையும் முடித்தேன். புருவம், கண் மை, உதட்டுச் சாயம் எதையும் விடவில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எழுதுகிறவள் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுநாள் காலை கடலூர் முதுநகரில் அவள் வீட்டுக்குப் போனேன். பெட்டியில் படுத்திருந்தவளின் முகத்தில் யாரோ டால்கம் பவுடரை அப்பி வைத்திருந்தார்கள். கறுத்த முகம் அவளுக்கு. தோல் வறண்ட தோல். வறண்ட தோலில் பவுடர் படியாது. வாயோரச் சுருக்கங்களில் போய்த் திட்டுத் திட்டாக நிற்கும். அப்படித்தான் நின்றது. “பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு நாந்தான் போட்டேன்” என்றார் தலைமாட்டில் இருந்த உறவுக்காரப் பெண். என் கைக்குட்டையை நனைத்து அதை முழுவதும் துடைத்து எடுத்தேன். அந்த அம்மாவுக்கு வருத்தம். இருந்துவிட்டுப் போகட்டும்.

நம் சங்கம் போடும் இந்த நினைவு மலரைப் படிக்கிற பியூட்டி பார்லர் தோழிகளில் பாதிப் பேருக்கு அமலியை நேரில் தெரியும். மீதிப் பேருக்கு அவளைப் பற்றிய ஒரு கதை தெரியும். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் இருவரும் கடலூரில் ஒரே வகுப்பில் இந்தத் தொழிலைக் கற்றோம். 2004ஆம் ஆண்டு, சிதம்பரம் மேல வீதிக்குப் பின்னால் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துச் சேர்ந்து கடை போட்டோம். தலை அலங்காரமும் சேலை கட்டுவதும் என் வேலை. முகம் அவளுடையது. முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆனால் அக்கா என்று கூப்பிட்டால் கோபம் வரும். “அக்கான்னா ஜாஸ்தி வேலை வாங்கலாம்னு பாக்குறியா?” என்பாள்.

அவள் வேலை செய்யும் விதம் பெண்ணைப் பெற்ற அம்மாக்களின் பொறுமையைச் சோதிக்கும். மணப்பெண்ணை முகம் கழுவச் சொல்லி, ஒன்றுமே தடவாமல் அரை மணி நேரம் சும்மா உட்கார வைப்பாள். பிறகு மெல்லிய காகிதத்தை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று ஒவ்வோர் இடமாக ஒற்றியெடுத்து ஜன்னலோரம் தூக்கிப் பிடிப்பாள். எண்ணெய் எங்கே ஊறியிருக்கிறது என்று பார்ப்பாள். முகம் முழுக்க எண்ணெய் என்றால் துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம், எண்ணெய் கலக்காத பவுண்டேஷன், அதன்மேல் அழுத்தி ஒற்றிய பவுடர். வறண்ட தோல் என்றால் முதலில் ஈரப்பதத்துக்குக் கிரீம், அது இறங்குகிறவரை காத்திருப்பு, பவுடர் பேருக்குத்தான். நெற்றியும் மூக்கும் வடிந்து கன்னம் மட்டும் காய்கிற முகங்கள்தான் நம் பக்கம் அதிகம். அந்த முகத்துக்கு அவள் இரண்டு பெண்களுக்குப் போடுவதுபோல் பிரித்துப் பிரித்துப் போடுவாள். “முகத்தக் கேட்டுட்டுத்தான் டப்பாவத் தொறக்கணும்” என்பாள். மண்டபத்து ஓமப் புகைக்கும் வீடியோ லைட்டின் சூட்டுக்கும் அவள் போட்டது அசையாது.

நிறம் என்று வந்துவிட்டால் யாருக்கும் மசியமாட்டாள். ஒருமுறை நெல்லிக்குப்பத்துக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, “பொண்ண கொஞ்சம் செவப்பா காட்டிடும்மா, போட்டோவுல எங்க பையன் பக்கத்துல நிக்கணும்ல” என்றார். அமலி பெண்ணின் தாடையோரம் ஒரு சொட்டுத் தடவி அவளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போனாள். “பாத்தீங்களா, கலரு தோலோட சேந்துபோச்சு. இதுதான் இவ கலரு. நீங்க சொல்றத போட்டா மூஞ்சி ஒருத்தருது, கழுத்து ஒருத்தருதுன்னு நிக்கும். உங்க பையன் ரெண்டுல எதுக்குத் தாலி கட்டுவான்?” பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. அந்தக் கல்யாணம் எங்களுக்குக் கிடைக்கவுமில்லை. அன்றைக்கு முழுக்க நான் அமலியோடு பேசவில்லை. அவள் செய்தது சரி என்று தெரிந்தே பேசாமல் இருந்தேன்.

அவளுக்கு இரண்டு விதிகள் உண்டு. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து பெண் முகத்தில் எதையும் போடக்கூடாது, மஞ்சள்கூட. முந்தைய நாள் காதுக்குப் பின்னால் எல்லாவற்றிலும் கொஞ்சம் தடவிப் பார்க்கவேண்டும். மறுநாள் அந்த இடம் சிவக்காமல் இருந்தால்தான் தூரிகையைத் தொடுவாள்.

2009இல் சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பெரிய குடும்பம் எங்களைத் தேடி வந்தது. ரைஸ் மில், நிலம், சொந்தக்காரர்கள் என்று ஊரில் பாதி அவர்கள்தான். அந்த வீட்டில் கல்யாண வயதில் இன்னும் நான்கு பெண்கள் இருந்தார்கள். இந்தக் கல்யாணம் நன்றாக நடந்தால் அத்தனையும் நமக்குத்தான் என்று நான் மனக்கணக்குப் போட்டேன். அமலி வழக்கம்போல் விதிகளைச் சொன்னாள். வரவேற்புக்கு முந்தைய நாள் காதுக்குப் பின்னால் தடவிவிட்டு வந்தாள். மறுநாள் பார்த்தால் அந்த இடம் சுத்தமாக இருந்தது. ஆனால் பெண்ணின் முகம் லேசாகச் சிவந்திருந்தது. “என்னாம்மா இது, முகத்துல எதனா போட்டியா?” என்றாள் அமலி. பெண் இல்லை என்று தலையாட்டினாள். வெயிலில் நலங்குக்கு உட்கார்ந்ததால் இருக்கும் என்றார் அம்மா. அரை மணி நேரம் சும்மா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பனிக்கட்டி கேட்டு வாங்க அமலி வெளியே போனாள்.

நான் பின்னால் நின்று பெண்ணின் தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், முகத்துக்கு முன்னால் நிற்பவளிடம் பெண்கள் பொய் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் நிற்பவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். அவள் மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, மூணு மாசமா மெடிக்கல்ல படை, சொறிக்கு விக்கிற மருந்த வாங்கி மூஞ்சில போட்டேன். பிரெண்டு சொன்னா, செவப்பாவுதுன்னு. நெசமாவே ஆச்சு. அந்த அக்கா ஒண்ணும் போடாதன்னாங்கல்ல, போன வாரம் நிறுத்திட்டேன். அதுலேருந்து எரியுது. அவுங்ககிட்ட சொல்லிடாதீங்கக்கா, போடமாட்டேன்னுடுவாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடும்.”

அந்த மருந்தை மாதக்கணக்கில் போட்டுத் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், அதன்மேல் எதைத் தடவினாலும் தடித்துப்போகும் என்று எங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அமலிக்குத் தெரிந்திருந்தால் அன்றைக்கு அந்த முகத்தில் கண் மையைத் தவிர எதுவும் வைத்திருக்கமாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சொல்லவில்லை. பெண் அழுதாள், பாவமாக இருந்தது என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த வீட்டில் பாக்கியிருந்த நான்கு பெண்களைத்தான் நினைத்தேன்.

மேடையில் நின்று ஒரு மணி நேரம் ஆகவில்லை. வீடியோ லைட்டின் சூட்டில் பெண்ணின் கன்னம் இரண்டும் தடித்துப் போயின. கண் வீங்கியது. எரிகிறது எரிகிறது என்று அழ ஆரம்பித்தாள். மணப்பெண் அறைக்குள் அழைத்து வந்து கழுவினோம். கழுவின முகத்தைப் பார்த்த அவள் அம்மா, வாசலில் கூடியிருந்த அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் அமலியைப் பிடித்துக்கொண்டார். “என்னத்தடி போட்ட? எம் பொண்ணு மூஞ்சிய வேக வச்சிட்டியேடி!” அமலி யோசித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பொருள், எந்த இடத்தில் தவறியது என்று தன்னைத்தானே விசாரித்துக்கொண்டிருந்தாள். அப்போது நான் பெண்ணின் தலையிலிருந்து பூவை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். காதுக்குப் பின்னால் அமலி தடவிப் பார்த்த இடம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. அதே பவுண்டேஷன், அதே பவுடர். மருந்து படாத அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. இங்கே பாருங்கள் என்று காதை மடக்கிக் காட்டியிருந்தால் போதும். பெண் என்னைப் பார்த்தாள். அமலியும் என்னைப் பார்த்தாள். நான் பூவைக் கூடையில் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. அமலி போட்டால் முகம் வெந்துவிடும் என்ற பேச்சு புவனகிரி தாண்டிக் கடலூர்வரை போனது. பேசிய உங்களில் பலர் இப்போது அவளுக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நாலைந்து மாதத்தில் முகத்துக்கு என்று ஒருத்தரும் கேட்டு வரவில்லை. “என்னால உன் கடையும் படுத்துடும் செல்வி” என்று அவளே விலகிக்கொண்டாள். நான் ஒரு பேச்சுக்குக்கூடத் தடுக்கவில்லை. முகத்தையும் நானே போட ஆரம்பித்தேன். காகிதமும் இல்லை, காத்திருப்பும் இல்லை. எத்தனை வெளுப்பு கேட்டார்களோ அத்தனை வெளுப்பு. சேத்தியாத்தோப்பு வீட்டின் மற்றப் பெண்களும் என்னிடமே வந்தார்கள். கடை வளர்ந்தது. அமலி முதுநகரில் தன் வீட்டு முன்னறையில் புருவம் திருத்திக்கொண்டும் பிளவுஸ் தைத்துக்கொண்டும் இருந்தாள்.

2011 கடைசியில் தானே புயல் அடித்த பிறகு, அவள் வீட்டுக் கூரை போய்விட்டது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். தார்ப்பாய் கட்டிய முன்னறையில் தையல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். கொஞ்ச நேரம் புயலைப் பற்றிப் பேசினோம். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“அந்தச் சேத்தியாத்தோப்புப் பொண்ணு இங்க வந்திருந்துச்சு, கொழந்தைய தூக்கிக்கிட்டு. எல்லாம் சொல்லி அழுதுச்சு.”

“எல்லாமா?” என்றேன்.

“எல்லாந்தான். ஒங்கிட்ட சொன்னதையும் சொல்லிச்சு.” துணியை உதறினாள். “ரெண்டு வருஷத்துக்கு மேல நான் என்னாத்தப் போட்டேன், எதுல தப்பு பண்ணேன்னு யோசிச்சி யோசிச்சி… ராத்திரில எழுந்து உக்காந்துடுவேன் செல்வி. என் கையையே நான் நம்பல.”

காலில் விழுந்துவிடலாம் என்று எழுந்தேன். “அதெல்லாம் வாணாம், ஒக்காரு” என்று அதட்டினாள். “அந்தப் பொண்ணு தானே வந்து எல்லார்கிட்டயும் சொல்றேன்னுச்சு. நான் வாணான்னுட்டேன். அதுக்கு மாமியார் ஊடு இருக்கு. நீ சொல்லு. பொண்ணு பேரு வேணாம், உன் கதையும் வேணாம். நம்ம ஆளுங்க கூட்டத்துல எழுந்து, அன்னிக்கு மூஞ்சி கெட்டது மருந்தால, அமலி கைல தப்பில்லன்னு சொல்லு. அது போதும் எனக்கு.”

சொல்கிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன். அதன்பின் நம் சங்கக் கூட்டம் மூன்று முறை நடந்தது. மூன்றுக்கும் போனேன். முதல் கூட்டத்தில் தொண்டை கட்டியிருந்தது. இரண்டாவதில் புதிய நிர்வாகிகள் தேர்வு, நேரம் இல்லை. மூன்றாவதில் என்னையே பொருளாளராக்கிவிட்டார்கள், மேடையில் நின்றுகொண்டு இதைச் சொல்வதா என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் போன் செய்து, “கூட்டம் எப்படி நடந்துச்சு?” என்று மட்டும் கேட்பாள். நன்றாக நடந்தது என்பேன். “சரி” என்று வைத்துவிடுவாள். ஏன் சொல்லவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன்.

அமலியின் நினைவாக நான் என்ன வைத்திருக்கிறேன் என்று எழுதச் சொன்னார்கள். அவளுடைய தூரிகைகளைத் தம்பி கொடுக்க வந்தார். வாங்கிக்கொள்ளவில்லை, அவற்றைத் தொட எனக்கு அருகதை இல்லை. என்னிடம் இருப்பதெல்லாம் அவள் சொல்லச் சொன்ன அந்த ஒரு பேச்சுதான். அதை இங்கே வைக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெண்ணின் முகம் கெட்டது மருந்தால். அமலியின் கையில் தவறில்லை. அது எனக்கு அன்றே தெரியும்.

இதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அமலி.