அவள் சேர்த்த மலையாள வரிகள்

தென்காசியில் எங்கள் அலுவலகம் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. டாக்டரைப் பார்க்க வரவேண்டிய நாளும் நேரமும் நோயாளியின் போனுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். பதினோரு ஆஸ்பத்திரி, பதினோரு ஃபோல்டர், எல்லாம் ஒரே கிட் ரெப்போவுக்குள்; யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதை அது பதிந்துவைக்கும். ஒரு டெம்ப்ளேட்டிலிருந்துதான் பதினொன்றையும் உருவாக்கியிருந்தோம். டெம்ப்ளேட்டைத் திருத்தினால் ஒவ்வொரு ஃபோல்டரிலும் அப்டேட் ஓடவிட வேண்டும். அங்கே யாராவது கையால் எதையாவது மாற்றியிருந்தால், எதை வைத்துக்கொள்ள என்று அது நின்று கேட்கும். அந்த வேலை என்னுடையது.

செங்கோட்டைப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்றின் ஃபோல்டரை எங்கள் அலுவலகத்தில் என்னைவிட நாலு வயது இளைய ஒரு பெண் பார்த்துவந்தாள். புளியறை தாண்டி, கேரளத்திலிருந்தும் அங்கே ஆள் வருவார்கள். அவர்களுக்கு மலையாளத்தில் செய்தி போகட்டும் என்று அவளே யோசித்து, தன் ஃபோல்டரில் மட்டும் அதைச் சேர்த்திருந்தாள். புனலூரில் இருக்கும் அத்தைக்குப் போனில் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி அவள் சரிபார்த்ததைப் பக்கத்து நாற்காலியில் இருந்து கேட்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. குற்றாலத்தில் நல்ல சாரல். மதியமே எல்லோரும் ஐந்தருவிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. அவள் லீவு. பத்து ஃபோல்டர் முடிந்து, அவளுடையதில் முப்பது இடத்தில் அப்டேட் கேள்வி கேட்டு நின்றது. ஒவ்வொன்றாகப் படித்திருக்க வேண்டும். கீழே கார் ஹாரன் அடித்தார்கள். எல்லாவற்றிலும் டெம்ப்ளேட்டில் உள்ளதே இருக்கட்டும் என்று ஒரே கட்டளையில் முடித்துவிட்டுத் துண்டோடு இறங்கி ஓடினேன்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டர் வராததால் தேதியை மாற்றியிருக்கிறார்கள். அந்தச் செய்தி எல்லோருக்கும் தமிழில் போயிருக்கிறது. கேரளத்து ஆரியங்காவிலிருந்து, தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு பெரியவர் ஒற்றைக் கண்ணில் கட்டோடு பஸ் ஏறி வந்து, பூட்டிய அறை முன்னால் மதியம்வரை உட்கார்ந்திருந்தாராம்.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். "அந்த ஃபோல்டர யாரு பாக்கா?"

"நான்தான் சார்," என்றாள் அவள். "மலையாளம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு."

"அப்புறம் எங்க போச்சு? சோதிச்சுப் பாக்க மாட்டியா?"

அந்த வெள்ளிக்கிழமை நான் கொடுத்த கட்டளைதான் அவள் வரிகளை அழித்தது என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அவள்தான் மன்னிப்புக் கேட்டாள். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டாள்.

ஒரு வருஷம் கழித்து அவளுக்குப் போன் செய்தேன். "அன்னைக்கு அத அழிச்சது நான்தான்," என்றேன்.

"தெரியும்ணே. மீட்டிங் முடிஞ்சதும் யாரு மாத்துனாங்கன்னு லாக் எடுத்துப் பாத்தேன். உங்க பேருதான் இருந்துச்சு."

"பின்ன ஏன் சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா."

வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள். மறுநாள் மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "பழைய கதைல்லா அது, விடுங்க," என்றார். அவளிடம் ஒரு வார்த்தை பேச நம்பர் கேட்பார் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கேட்கவில்லை.