அட்டையில் வராத முகம்

"திருடின்னு இன்னொரு வாட்டி சொன்னீங்கன்னா மிசஸ் புல்லக், அந்த டீக்கோப்பைய அப்படியே வெச்சிட்டுக் கிளம்பிடுங்க" என்றேன். "ஹெஸ்டர் எடுத்தது அவ மூஞ்சியத்தான்."

ஆமாம், எடுத்தாள். நான் மறுக்கவில்லை. ஏன் எடுத்தாள் என்று எங்கள் பெட்மின்ஸ்டர் ஊரில் எவளாவது கேட்டாளா?

என் மாடியறையில் குடியிருந்தவள் அவள். சிகரெட் ஆலையில் பாக்கெட் அடைக்கும் வேலை. பாக்கெட் நசுங்காதிருக்க உள்ளே ஒரு பட அட்டை செருகுவார்கள். அந்த வருடம் நாடகக்காரர்களின் படங்கள். ஒரு நாள் அவள் மேசைக்கு வந்த அட்டைக்கட்டு ஒன்றில் அவளே இறகுத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். மேடையில் பாடிய காலத்துப் படம், அடியில் அந்தக் காலத்துப் பெயர். படம் பிடித்தவன் அவளைக் கேட்காமலே விற்றிருக்கிறான்.

மாலையில் நேரே என்னிடம் வந்தாள்.

"யாராச்சும் இது நான்தான்னு கண்டுபிடிச்சா, பேச்சு சைலஸ் காதுக்குப் போயிடும்மா."

சைலஸ் அவள் புருஷன். நாடகக் குழுக்களோடு ஊர் ஊராகப் போய்த் திரை இழுப்பவன். அவள் கையை முறித்தவன். அவனுக்குப் பயந்துதான் பெயரை மாற்றிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்திருந்தாள்.

அதன்பின் தன் படத்தையெல்லாம் உருவி ரவிக்கைக்குள் ஒளித்தாள். அந்த இடத்தில் ஒரு தொப்பைக் கோமாளியின் அட்டையைச் செருகினாள். இரவில் படிக்கட்டு கிறீச்சிட்டால் போதும், மேலே அவள் அலமாரியைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம் கேட்கும்.

அங்கேதான் பிசகியது. எல்லாருக்கும் கோமாளிதான் வந்தான்.

"மறுபடியும் இந்தக் குண்டனா! அந்த இறகுத் தொப்பிக்காரி எங்கய்யா?" என்று, முதலில் வந்த சில பாக்கெட்டுகளில் அவளைப் பார்த்திருந்த ஆண்கள் சுருட்டுக்கடை டாபெலிடம் சண்டை பிடித்தார்கள். அந்த அட்டை கொண்டுவருபவருக்குப் புதுப் புகைக்குழாய் தருவதாக அவர் கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டினார். யாரும் பார்க்கக் கூடாதென்று அவள் ஒளித்த முகத்தை ஊரே தேடியது.

மேற்பார்வைக்காரி மிஸ் கேபல் கடைசியில் அவளைச் சோதித்தாள். அட்டைகள் கொட்டின. வேலை போகும், போனால் போகட்டும் என்று நின்றாளாம் ஹெஸ்டர். மிஸ் கேபலோ படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக் கைதட்டினாள்.

"அடி கள்ளி! நீதானா அது? முதலாளிகிட்ட சொல்லியே ஆகணும்!"

முதலாளி பத்திரிகைக்காரனைக் கூப்பிட்டுவிட்டார். வருகிற சனிக்கிழமை ஆலை வாசலில் அவள் இறகுத் தொப்பி வைத்துக்கொண்டு அட்டை கொடுக்க வேண்டுமாம். மறுநாள் காலையே டாபெல் பத்திரிகையோடு ஓடி வந்து, என் கூடத்தில் நின்று பெருமையாகப் படித்தார். அவள் பழைய பெயர், புதுப் பெயர், எங்கள் தெரு, என் வீடு, எல்லாம் அதில் இருந்தன.

ஹெஸ்டர் படிக்கட்டில் நின்று முழுவதையும் கேட்டாள். மேலே போனாள், ஒரு மூட்டையோடு இறங்கினாள்.

"எங்க போறேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"சொல்லாதேடி" என்றேன். "அவன் வந்து என் கழுத்தப் பிடிச்சாலும் எனக்குத் தெரியக் கூடாது."

முதலில் நான் வெளியே போய்த் தெருவின் இரு கோடியையும் பார்த்தேன். பால்காரனைத் தவிர ஆள் இல்லை. தலையாட்டினேன். தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு, என்னைத் தொடாமல், வாசலைத் தாண்டி நடந்தாள்.