தம்பி கொடுத்த ரத்தம்

பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. கும்மிடிப்பூண்டிப் பக்கம், வீட்டிலிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு கிளினிக்குக்கு அனுப்பி ரத்தம் எடுக்கச் சொல்வார்கள். ஈயம் கூடியிருந்தால் ஒப்பந்த ஆளை நிறுத்திவிடுவார்கள். நான் ஒப்பந்த ஆள்.

போன முறை டெஸ்டுக்கு முன்னால் எனக்கு ஓயாத வயிற்று வலி, விரலெல்லாம் மரமரப்பு. வேலை போய்விடும் என்று நடுங்கினேன். அப்போதுதான் அந்தக் கோணல் புத்தி வந்தது. தம்பி அச்சு அசலாக என்னைப் போலவே இருப்பான். கம்பெனி வாசலை மிதித்ததே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலத்தில் நெல் பயிர் வைக்கிறவன். என் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி அவனை அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் போய்க் கையை நீட்டிவிட்டு வந்தான். எனக்கு என் சாமர்த்தியத்தின் மேல் ஒரே பெருமை.

பத்து நாள் கழித்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். ரிப்போர்ட்டில் ஈயம் ரொம்ப அதிகமாம், நாளையிலிருந்து வர வேண்டாமாம். சண்டை போட வாயைத் திறந்தேன். என்ன சொல்லிச் சண்டை போடுவது? அது என் ரத்தமே இல்லை என்றா?

வழியெல்லாம் ஒன்றும் பிடிபடவில்லை. ரத்தக் குப்பி மாறிவிட்டதா? வயல் போர்வெல் தண்ணீரா, கம்பெனிப் புகையா? வயலில் போட்டுக்கொள்ளட்டும் என்று நான் கொடுத்த, ஈயத்தூள் படிந்த பழைய யூனிபார்மா? வேலைக்காக அழுவதா, அவனுக்காக அழுவதா என்றே தெரியவில்லை. என் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

தம்பி களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. தனக்கும் கொஞ்ச நாளாக வயிறு வலிப்பதாகவும், உடம்புச் சூடு என்று விட்டுவிட்டதாகவும் சொன்னான். முறத்தைக் கீழே வைத்தான்.

"நான் உள்ளயே வர்ல. எனுக்கே இவ்ளோன்னா, உனுக்கு எவ்ளோ இருக்கும், அண்ணா?"

அதைத் தெரிந்துகொள்ளப் பயந்துதானே அவனை அனுப்பினேன்.

மறுநாள் காலையில் ரெண்டு பேரும் பொன்னேரிக்கு ரயில் ஏறினோம். அங்கே ரத்தப் பரிசோதனை லேபில் இருந்த பெண் யார் முதலில் என்று கேட்டார். நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். தம்பிதான் என் கையைப் பிடித்து மேசை மேல் வைத்தான்.